பாங்காக் போகிறீர்களா? தாய்லாந்து பணத்தை இங்கே வாங்காதீர்கள்

டிக்கெட் போட்ட கையோடு பலரும் ரூபாயைக் கொடுத்து இங்கேயே தாய்லாந்து பணமான பாட் வாங்கிவிடுகிறார்கள். நம் ஊரில் அதை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிது. டாலருக்கு அது குறைவு. அதனால் டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுவதே பெரும்பாலும் லாபம்.

டாலருக்கு உங்கள் வங்கியிலும், ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற இரண்டு மூன்று பணம் மாற்றும் கடைகளிலும் ஒரே மணி நேரத்துக்குள் போன் போட்டு விசாரியுங்கள். ‘இன்றைக்கு ரேட் என்ன?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘500 டாலர் வேண்டும். ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?’ என்று கேளுங்கள். கமிஷன் இல்லை என்று சொல்கிற இடத்தில் அது ரேட்டிலேயே ஏறியிருக்கும். 50,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்கினால்தான் ரொக்கம் கொடுக்கலாம். விமான நிலையக் கவுண்டர் கடைசி வழியாக இருக்கட்டும்.

அப்புறம், நோட்டு. புத்தம் புதிய 100 டாலர் நோட்டாகவே கேட்டு வாங்குங்கள். பாங்காக் கடைகளின் விலைப்பலகையில் 100-க்கு ஒரு ரேட்டும், 20, 10, 1 போன்ற சின்ன நோட்டுகளுக்கு அதைவிடக் குறைந்த ரேட்டும் போட்டிருப்பார்கள். கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இருந்தால் அந்தக் கடைக்காரர்கள் வாங்க மறுக்கலாம்.

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படும் வங்கிக் கவுண்டர்களில் நிற்காமல், நகர ரயில் புறப்படும் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே வரிசையாக உள்ள கடைகளில் வழக்கமாக நல்ல ரேட் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.