கடல்மீன் தொட்டியின் வெண்புள்ளி நோய்க்கு யு.வி. விளக்கு போதுமா?

கடல்மீன் தொட்டியில் வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணியை தொட்டி நீரைப் புற ஊதா விளக்கின் அருகே ஓடவிட்டுக் கிருமிகளைக் கொல்லும் யு.வி. கருவியால் மட்டும் ஒழித்துவிட முடியாது. டேங் (tang) எனும் கடல்மீன் போன்றவற்றின் மேல் உப்புத் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள் மேல்தோலுக்கு அடியில் இருப்பதாலும், மீனை விட்டு இறங்கியபின் ஒட்டுண்ணி மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக் கிடப்பதாலும், கருவிக்குள் ஓடும் நீரில் மட்டுமே படும் 254 நானோமீட்டர் ஒளி அவற்றை எட்டுவதே இல்லை. கூட்டிலிருந்து வெளியேறி, ஓரிரு நாளுக்குள் மீனைத் தேடி நீந்தும் குஞ்சுகளே அதில் சிக்கக்கூடும். அவையும் பெரும்பாலும் இருட்டில், மீன்கள் உறங்கும் பாறை இடுக்கின் அருகிலேயே வெளிவருவதால் பல தப்பிவிடுகின்றன.

கருவியை ஏற்கெனவே வாங்கியவர்கள், பம்பின் வேகத்தைத் தயாரிப்பாளர் ஒட்டுண்ணிக்கெனக் குறித்த அளவுக்குக் குறைத்து, விளக்கை மூடியிருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் படியும் சுண்ணாம்பை அவ்வப்போது துடைத்து, விளக்கை ஆண்டுக்கொரு முறை மாற்றினால் நோயின் கடுமை ஓரளவு தணியும். (நீல வெளிச்சம் தெரிகிறது என்பதற்காக விளக்கில் வலு இருப்பதாக நம்பிவிட வேண்டாம்.)

முழுத் தீர்வு வேண்டுமெனில், எல்லா மீன்களையும் பவளமில்லாத தனித்தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்து கொடுத்து, பழைய தொட்டியை ஏறத்தாழ இரண்டரை மாதம் மீனின்றி விட்டுவைக்க வேண்டும். மருந்துத் தொட்டியில் யு.வி. விளக்கை அணைத்துவிடுங்கள், கீலேட் வகைத் தாமிரத்தை (கரிமச் சேர்மத்தோடு பிணைத்த தாமிரம்) அது சிதைத்துவிடும்.