சி.டி. படத்திலிருந்து மூச்சுப்பாதையைப் பிரித்து அளப்பது எப்படி?

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களின் சி.டி. படத்தில் மூச்சுப்பாதையின் வடிவை அளக்க நான் பயன்படுத்துவது 3டி ஸ்லைசர் என்னும் இலவச மென்பொருள். ஒரே பொத்தானில் விடை தரும் கருவிகள் எங்கே தவறின என்பதைக் காட்டுவதில்லை என்பதால் அவற்றை நான் விரும்புவதில்லை. மருத்துவப் படங்களைத் தாங்கிய டைகாம் கோப்புகளை அதில் ஏற்ற உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு தொடங்குகிறேன்.

முதலில், 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த தடிமனுள்ள துண்டுகளால் ஆன படத்தொடரைத் தேர்ந்தெடுங்கள், 5 மி.மீ. தொடரில் சிறு கிளைகள் மங்கிவிடும். அடுத்து, பகுதிகளைப் பிரித்தெடுக்கும் செக்மென்ட் எடிட்டரில் த்ரெஷோல்டின் (அடர்த்தி வரம்பின்) மேல் எல்லையை -950 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் (சி.டி. படத்தின் அடர்த்தி அலகு) வைத்து, 'ஐலண்ட்ஸ்' கருவியில் மூச்சுக்குழாயைச் சொடுக்கி, அதனோடு இணைந்த பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லையைப் பத்துப் பத்தாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் பருமனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் வாரக்கணக்கில் தடுக்கி விழுந்தது இங்கேதான். நூறு கன சென்டிமீட்டருக்குள் இருந்த பருமன் அடுத்த படியில் ஆயிரத்தைத் தாண்டியது. மெல்லிய சுவர் ஒன்றின் வழியே தேர்வு நுரையீரல் திசுவுக்குள் கசிந்திருந்தது. எம்பைசீமாவால் (நுரையீரல் காற்றுப்பைகளின் சுவர் அழியும் நிலை) சிதைந்த திசுவும் -950க்குக் கீழே இருப்பதால், அடர்த்தியை வைத்து மட்டும் அதைக் குழாயின் காற்றிலிருந்து பிரிக்க முடியாது. ஆகவே, கசிவுக்கு முந்தைய எல்லைக்குத் திரும்புங்கள். முதல் படியிலேயே கசிந்தால், முப்பரிமாணத் தோற்றத்தில் பஞ்சுபோல் பிதுங்கி நிற்கும் இடத்தைத் தேடி, அதன் கழுத்தை அழிப்பானால் வெட்டிவிட்டு, ஐலண்ட்ஸை மீண்டும் இயக்குங்கள்.

அளக்கும்போது கிடைமட்டத் துண்டை நம்ப வேண்டாம். அச்சு 60 பாகை சாய்ந்த குழாய் அதில் இரு மடங்கு பரப்புள்ளதாகத் தெரியும். ஸ்லைசரில் கூடுதலாக நிறுவும் விஎம்டிகே நீட்சியைக் கொண்டு குழாயின் நடுக்கோடு எடுத்து, அதற்குச் செங்குத்தாக வெட்டி அளப்பதே முறை. வெளிவிட்டம் 6, உள்விட்டம் 4 மி.மீ. என்றால், மொத்தக் குறுக்குப் பரப்பில் சுவரின் பங்கு ஏறத்தாழ 56 விழுக்காடு. ஆனால் 1 மி.மீ. சுவரில் இரண்டு படப்புள்ளிகள்கூட முழுதாக அடங்காமல் போகலாம் என்பதால், சிறு கிளைகளில் சுவர் உள்ளதைவிடத் தடித்தே காட்டும். தொடக்கத்தில் குழாயின் உள்துளைக் குறுக்குப் பரப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பிற்சேர்க்கை: தம் நோயாளியின் மூச்சுக்குழாய் பிறைபோல் நசுங்கித் தெரிவதாக ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். அவர் ஏற்றியிருந்தது மூச்சை வெளிவிட்ட நிலையில் எடுத்த தொடர். அப்போது பின்சுவர் உள்நோக்கி வளையும். முழுதாக மூச்சிழுத்த நிலையில் எடுத்த தொடரில் அதே குழாய் வட்டமாகவே இருந்தது.