பள்ளிப் பையில் வரும் கடிதமும் நாம் செய்யும் தவறுகளும்

அமெரிக்காவில் தொடக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பையைத் துழாவினால், என்றாவது ஒருநாள் கசங்கிய கடிதம் ஒன்று கையில் வரும். டைட்டில் ஒன், அதாவது வசதி குறைந்த பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு அரசு பணம் தரும் திட்டத்தில், உங்கள் குழந்தைக்கு வாசிப்பில் கூடுதல் உதவி தரப்போகிறோம் என்று அதில் இருக்கும். நம் வீடுகளில் உடனே எழும் கேள்வி, “நாம என்ன ஏழையா?” எங்கள் வீட்டிலும் அந்தக் கடிதம் மூன்று நாள் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது.

கேள்வியே தவறு. டைட்டில் ஒன் என்பது 1965-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தின் முதல் பகுதி. ஏழ்மைக் கணக்கெல்லாம் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு பணம் என்று பிரிப்பதற்குத்தான். பொதுவாக, மாணவர்களில் 40 சதவீதம் பேராவது வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்றால், அந்தப் பணத்தைப் பள்ளி முழுவதற்கும் செலவிடலாம். மற்ற பள்ளிகள் தேவைப்படும் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுக்கும். அந்தத் தேர்வில் பார்ப்பது படிப்பில் எங்கே தடுக்குகிறது என்பதை, அப்பாவின் சம்பளத்தை அல்ல. கட்டணமும் கிடையாது.

அடுத்த தவறு, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடுவது. பள்ளிக்குப் போய் விசாரியுங்கள். “ரீடிங்ல கொஞ்சம் வீக்” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி ‘ஷிப்’ என்ற சொல்லை ‘ஸ்-ஹிப்’ என்று உடைத்துத் திணறுகிறாள். இன்னொருவன் பக்கம் முழுவதையும் கடகடவென்று வாசித்துவிடுவான். கதையில் அந்த நாய் ஏன் ஓடியது என்று கேட்டால் விழிப்பான். ஒருத்திக்கு ஒலிப்பயிற்சி வேண்டும், மற்றவனுக்குச் சொல்வளமும் பேச்சும் வேண்டும். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரே பாடம் நடத்தினால் யாருக்கும் பயனில்லை. உங்கள் பிள்ளை இதில் எந்த ரகம், வாரத்துக்கு எத்தனை நாள், முன்னேற்றத்தை எப்படி அளக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த உதவிக்காக எந்தப் பாடவேளையில் வகுப்பிலிருந்து வெளியே அழைத்துப் போகிறார்கள் என்பதையும் விடாதீர்கள். இது வழக்கமான பாடத்துக்கு மேல் கிடைக்க வேண்டியது. கணக்கு வகுப்பை இழந்து வாசிப்பு கற்றால் அடுத்த வருடம் கணக்குக்குக் கடிதம் வரும். சொல்லிக்கொடுப்பவர் ஆசிரியரா, உதவியாளரா, அவருடைய தகுதி என்ன என்று கேட்கவும் டைட்டில் ஒன் பள்ளிப் பெற்றோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

நம்மவர்களுக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. சேர்க்கையின்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கேட்கும். இஎஸ்எல் வகுப்பில், அதாவது ஆங்கிலம் இன்னும் சரியாக வராத பிள்ளைகளுக்கான வகுப்பில், போட்டுவிடுவார்களோ என்று பயந்து ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுகிறோம். தமிழ் என்று எழுதினால் நடப்பது ஆங்கிலத் திறனுக்கு ஒரு சோதனை, அவ்வளவுதான். தேறிவிட்டால் அந்த வகுப்பே கிடையாது. தேறாமல் போனாலும் அந்த வகுப்பு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுடையது. அப்புறம், ஆங்கிலம் வரவேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்துவது. தயவுசெய்து வேண்டாம். தமிழில் கதை கேட்டு, கேள்வி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலக் கதையும் சீக்கிரம் பிடிபடும்.

வருடத்துக்கு ஒருமுறை பெற்றோருக்கு டைட்டில் ஒன் கூட்டம் நடத்தியே ஆக வேண்டும். பெரும்பாலும் பாதி நாற்காலி காலியாக இருக்கும். போய் உட்காருங்கள்.

கடைசியாக, இந்த உதவியை, குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வியோடு குழப்பிக்கொள்வது. இரண்டும் வேறு வேறு சட்டம். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு போல ஏதாவது இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், கூடுதல் வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அந்த வகுப்பைக் காரணம் காட்டிப் பள்ளியும், சிறப்புக் கல்வி தேவையா என்று பார்க்கும் மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது. வாசலில் டீச்சரைப் பார்த்து வாய்வார்த்தையாகச் சொன்னால் கணக்கில் வராமலே போகலாம். மதிப்பீடு வேண்டும் என்று இரண்டு வரி, தேதி போட்டு, மின்னஞ்சலில் அனுப்பி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.