ஒரு செமஸ்டர்தானே என்று கிளம்பாதீர்கள்

ஜெர்மனிக்கு எக்ஸ்சேஞ்ச் மாணவராகப் போகிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது லக்கேஜ் எடையையும் குளிர் ஜாக்கெட்டையும் பற்றித்தான். அதற்குப் பதில் சுலபம். அப்புறம் பேச்சுவாக்கில் ஒன்று சொல்வார்கள்: "ஒரு செமஸ்டர்தானே அண்ணா, சமாளிச்சிடலாம்." அங்கேதான் எனக்குக் கவலை வரும். இரண்டு வருடம் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவருக்கு உள்ள அலைச்சலில் பெரும்பகுதி, ஒரு செமஸ்டர் போகிறவருக்கும் உண்டு. மாஸ்டர்ஸ் படிக்கிறவருக்கு ஒரு மாதம் வீணானால் ஈடுகட்ட நாள் இருக்கிறது. உங்களுக்கு இல்லை.

முதல் தவறு நாட்காட்டியில் நடக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் என்பது அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரியில் முடியும். பெரும்பாலான தேர்வுகள் அதை ஒட்டித்தான், சில பாடங்களுக்கு மார்ச்சில்கூட வரும். நம் கல்லூரிகளில் ஈவன் செமஸ்டர் பொதுவாக அதற்குள் தொடங்கியிருக்கும். இதைக் கவனிக்காமல் விலை மலிவு என்று ஜனவரி கடைசிக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். தேர்வு எழுதாமல் வந்தால் போன வேலையே நடக்கவில்லை. எழுதிவிட்டு வந்தால் இங்கே வருகைப்பதிவு போய்விடுகிறது. கிளம்பும் முன்பே துறைத் தலைவரிடம் இதைப் பேசி, எந்தத் தேதிக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது, நீங்கள் திரும்பும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம். விசா கைக்கு வந்ததும் அதன் முடிவுத் தேதியையும் தேர்வுத் தேதியோடு சேர்த்துப் பாருங்கள்.

பாடத்தேர்விலும் இதே அவசரம்தான். குளிர்காலத்தில் மட்டும் நடக்கும் பாடம், கோடையில் மட்டும் நடக்கும் பாடம் என்று அங்கே பிரிவு உண்டு. பழைய பட்டியலைப் பார்த்து எழுதிக்கொடுத்த ஐந்தில் இரண்டு, போன பிறகு இல்லாமல் போகலாம். அதனால் எட்டுப் பாடங்களுக்காவது விவரக்குறிப்பை இறக்கி, நம் துறையில் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வையுங்கள். அங்கே போய் மாற்றினால் அன்றைக்கே மெயில் அனுப்பி சம்மதம் கேளுங்கள். முழு செமஸ்டர் என்றால் 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான கிரெடிட் முறை) கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஊர் சுற்றிக்கொண்டே முப்பதையும் முடித்துவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அடுத்தது நானே செய்த தவறு. ஒரு பாடத்தை ஒரு வகுப்புகூட விடாமல் கேட்டேன், வாராவாரம் கொடுத்த கணக்குகளையும் போட்டேன். வகுப்பில் இருக்கிறவர்கள் எல்லோரும் தேர்வு எழுதுவார்கள் என்பது என் எண்ணம். அங்கே பாடத்துக்குப் பதிவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. அதற்கான இணையப் பக்கம் சில வாரங்கள்தான் திறந்திருக்கும். ஜனவரியில் ஒரு இரவு உள்ளே போய்ப் பார்த்தால் பட்டியலில் என் பெயர் இல்லை, பதிவு பட்டன் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. மறுநாள் காலை பேராசிரியரின் அறை வாசலில் நின்றேன். பொறுமையாகக் கேட்டார். பட்டியல் தேர்வு அலுவலகத்தில் இருக்கிறது, தன்னால் பெயர் சேர்க்க முடியாது என்றார். நான்கு மாதம் படித்த பாடம் மதிப்பெண் பட்டியலில் ஏறவே இல்லை. ஊருக்கு வந்து அதற்கு ஈடான தாளை அரியர் போலத் தனியாக எழுதினேன். முதல் வாரத்திலேயே தேர்வுப் பதிவின் தொடக்கத் தேதியையும் கடைசித் தேதியையும் கண்டுபிடித்து, போனில் அலாரம் வைத்துவிடுங்கள். பதிந்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் பல இடங்களில் ஃபெயில்தான். எழுதப்போவதில்லை என்றால் கெடுவுக்குள் விலகிக்கொள்ளுங்கள்.

போய் இறங்கும் நாளும் முக்கியம். நான் ஒரு வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தேன். ஹாஸ்டல் சாவி ஹவுஸ்மைஸ்டர் என்கிற காப்பாளரிடம் இருக்கும். அவர் அலுவலக நேரம் வார நாட்களில் காலை இரண்டு மணி நேரம். திங்கள்கிழமை வரை வெளியில் காசு கொடுத்துத் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையக் கடைகள் போலச் சில மட்டும்தான் திறந்திருக்கும். சாவி கிடைத்து அறைக்குள் போனால் வெறும் கட்டிலும் மெத்தையும். தலையணை, போர்வை எதுவும் இல்லை. செவ்வாய் அல்லது புதன் காலையில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். ஒரு போர்வையைக் கைப்பையிலேயே வையுங்கள்.

அறை தேடும்போது ஏமாந்துவிடாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யார் எழுதினாலும் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே மாணவர் நலச் சங்க ஹாஸ்டலுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்று அதற்கு வேண்டும். அதைத் தரமாட்டேன் என்கிறவரின் அறையை எடுக்காதீர்கள். பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம் என்பதால், முகவரி உறுதியானதுமே இங்கிருந்தே நேரம் பதிந்துவிடலாம்.

பணத்தில் ஒரு விஷயம் பலரைத் திகைக்க வைக்கிறது. உதவித்தொகை இல்லாதவர்கள், செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட, பிளாக்டு அக்கவுன்ட் என்கிற முடக்கப்பட்ட கணக்கில் பணம் போடுவார்கள். 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ என்பது கணக்கு. அது அங்கே போய்ச் சில வேலைகளை முடித்த பிறகுதான், மாதாமாதம் கொஞ்சமாகக் கைக்கு வரும். முதல் மாத வாடகை, முன்பணம், செமஸ்டர் கட்டணம் எல்லாம் அதற்குள் வந்து நிற்கும். அதற்கான பணம் தனியாக இருக்கட்டும்.

சரி, லக்கேஜ். பால் பொருட்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் நம் நாட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது. அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யும் இதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். பொடி வகைகளை எடுத்துப் போங்கள். இட்லிப் பொடி என்னைப் பல இரவுகள் காப்பாற்றியது. மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட்தான், ஆனால் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பல்வலி இருந்தால் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

திரும்பும்போதும் வேலை இருக்கிறது. முகவரிப் பதிவை ரத்து செய்ய வேண்டும். பொது வானொலி, தொலைக்காட்சிக்காக வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று வரும் ஒலிபரப்புக் கட்டணத்தையும் அப்படியே விட்டால் பில் வந்துகொண்டே இருக்கும். அறை முன்பணம் திரும்ப வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். மதிப்பெண் பட்டியல் வரும்போது, மதிப்பெண் முறையை விளக்கும் தாளையும் கேட்டு வாங்குங்கள். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி. நீங்கள் ராப்பகலாகப் படித்து வாங்கிய 1.3, அந்தத் தாள் இல்லாமல் நம் அலுவலக மேசைக்குப் போனால் பத்துக்கு ஒன்றரைகூட இல்லாத மதிப்பெண்ணாகத்தான் தெரியும்.