ஆஸ்பென் காட்டின் நலத்தை வரைபடமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக்கோள் படங்களில் மேகத்தை நீக்குவதும் ஊசியிலை மரங்களைப் பிரித்தெடுப்பதும் எல்லாப் பாடநூல்களிலும் உள்ளவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா மாநிலங்களில், ஒரே வேரிலிருந்து பல தண்டுகளாகக் கிளைக்கும் இலையுதிர் மரமான ஆஸ்பெனின் காடுகளை இப்படங்களில் ஆராய வரும் புதியவர்கள், எங்கள் தலைமுறையின் பிழைகளையே மீண்டும் செய்வதைக் காண்பதால் இதை எழுதுகிறேன்.

பச்சையெல்லாம் மரத்தின் பச்சை அன்று

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. ஜூலை மாதப் படம் ஒன்றில் என்.டி.வி.ஐ எனப்படும் பசுமைக் குறியீட்டைக் கணக்கிட்டு, மதிப்பு உயர்ந்த இடமெல்லாம் நலமான காடு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆஸ்பென் இலைத்திரள் வெயிலைத் தாராளமாகக் கீழே விடுவதால், அதன் அடியில் புல்லும் பூண்டும் இயல்பாகவே செழித்திருக்கும். மரம் பட்டுப்போனால் வெளிச்சம் இன்னும் கூடி, அவை மேலும் அடர்ந்துவிடுகின்றன. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒரே பச்சைதான்.

2002ஆம் ஆண்டின் கடும் வறட்சியைத் தொடர்ந்து தென்மேற்குக் கொலராடோவில் ஆஸ்பென் மரங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அப்பகுதியின் சரிவு ஒன்றுக்கு, அதை அடர்பச்சையாகக் காட்டிய வரைபடத்துடன் களக்குழுவோடு சென்றிருந்தேன். அங்கே நின்றவை பட்டை உரிந்த மொட்டைத் தண்டுகள். அவற்றைச் சுற்றி இடுப்பளவுக்குப் பெரணிகள். வேர் உயிரோடிருக்கும்போதே நலிவு தெரிந்திருந்தால், முதுமரங்களை வெட்டி வேர்க்கன்றுகள் கிளம்ப வழி செய்திருக்கலாம். வேரும் செத்தபின் வெட்டுவதால் பயனில்லை. அந்த வரைபடம் பறித்தது அந்த வாய்ப்பைத்தான்.

ஆகவே ஒற்றைப் படத்தை நம்பாமல் பருவம் முழுவதையும் தொடருங்கள். கோடையின் கடைசியில் தரைச்செடிகள் காயத் தொடங்கியும் ஆஸ்பென் இன்னும் மஞ்சளாகாமல் இருக்கும் அந்தக் குறுகிய இடைவெளியில் எடுத்த படமே அதிகம் சொல்லும். இலைகளின் ஈரத்தை உணரும் குறுஅலை அகச்சிவப்புப் பட்டைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோளில் அவற்றின் பிக்சல் 20 மீட்டர் அளவுள்ளது. ஐயமுள்ள இடங்களில், வான்வழிப் படங்களில் இலையற்ற சாம்பல் நிற உச்சிகளைத் தேடுங்கள்.

அடுத்தடுத்த மரக்கூட்டங்களுக்கு ஒரே நாட்காட்டி

ஒரே வேரிலிருந்து கிளைத்த தண்டுகள் சேர்ந்தே தளிர்த்துச் சேர்ந்தே மஞ்சளாகும். பக்கத்திலுள்ள வேறொரு வேரின் கூட்டமோ அதற்குப் பல நாட்கள் பிந்தலாம். தாமதமாகத் தளிர்ப்பதை நோய் எனக் கொள்ளாதீர்கள். ஒவ்வோர் இடத்தையும் அதன் கடந்த ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள்.

புழு தின்ற மரம்

பெரும்பாலும் அதே கோடையில் மீண்டும் தளிர்க்கும். ஜூன் படத்தைக் கொண்டு சாகடிக்காதீர்கள்.

2022 ஜனவரி 25

இந்நாள் முதல் சென்டினல்-2 தரவில் ஒவ்வொரு பிக்சலின் ஒளியளவைக் குறிக்கும் எண்ணோடும் 1000 கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பசுமைக் குறியீட்டைக் கணக்கிடுங்கள்.

உச்சியை மட்டும் பார்ப்பது

யூட்டாவின் பாண்டோ ஒரே வேர்த்தொகுதியிலிருந்து சுமார் 43 ஹெக்டேரில் பரவிய காடு. அங்கே முதுமரங்கள் மடிய, வேலியில்லாத பகுதிகளில் இளங்கன்றுகளை மான்கள் மேய்ந்துவிடுகின்றன. இலைத்திரளுக்குக் கீழே நிகழும் இந்த இழப்பைப் பசுமைக் குறியீடு காட்டாது. கன்றுகளைக் காட்டுக்குள் நடந்துதான் எண்ண வேண்டும்.