பக்கிக்கு அவுட்ரன்னர் மோட்டார்: கே.வி. பார்ப்பதற்கு முன் ஸ்கேலை எடுங்கள்

ரிமோட்டில் ஓட்டுகிற பக்கி காருக்கு அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுழலும் மோட்டார்) போட நினைக்கிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை கே.வி.?" என்றுதான். ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை முறை சுற்றும் என்பதுதான் கே.வி. அதை மூன்றாவதாகக் கேளுங்கள். மோட்டார் வண்டியில் உட்காருமா, அந்த மோட்டாரின் எடை இந்த வண்டியை இழுக்கப் போதுமா, இந்த இரண்டும் சரியான பிறகுதான் கே.வி.யைப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி வாங்கி, அலமாரியில் கிடக்கிற மோட்டார்களை நிறைய பார்த்துவிட்டேன்.

1/10 அளவு, பின்சக்கர இழுவை பக்கியை வைத்துச் சொல்கிறேன். அதில் வழக்கமாக இருப்பது 540 அளவு இன்ரன்னர் மோட்டார்: 36 மி.மீ. விட்டம், 3.17 மி.மீ. ஷாஃப்ட், 25 மி.மீ. இடைவெளியில் இரண்டு எம்3 துளைகள். இன்ரன்னரில் காந்தம் உள்ளே சுற்றும், கூடு அசையாது. அவுட்ரன்னரில் கம்பி சுற்றிய ஸ்டேட்டர் நடுவில் நிற்க, காந்தம் ஒட்டிய பெல் வெளியே சுழலும். காந்தம் அச்சை விட்டுத் தள்ளி இருப்பதால் அதே எடைக்கு இழுவிசை கூடுதலாகக் கிடைக்கும், அதற்காகத்தான் இத்தனை மெனக்கெடல்.

அளவு எண்ணில் ஒரு குழப்பம் இருக்கிறது. 3536 என்று விற்பது பெரும்பாலும் வெளி விட்டம் 35, நீளம் 36. ஆனால் எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிற 2212-இல் 22-உம் 12-உம் ஸ்டேட்டரின் அளவு, வெளி விட்டம் கிட்டத்தட்ட 28 மி.மீ. அதனால் எண்ணை நம்பாமல் வரைபடத்தைக் கேளுங்கள், இல்லையென்றால் வெர்னியரால் அளந்துவிடுங்கள். 28 மி.மீ. மோட்டார்களில் துளை இடைவெளி பொதுவாக 16-உம் 19-உம், அது 540 மவுண்டில் நேரடியாக உட்காராது, ஒரு அலுமினியத் தகடு வெட்டித் துளை போட வேண்டும். 35 மி.மீ. மோட்டார்களில் பெரும்பாலும் 19-உம் 25-உம் இருக்கும், அந்த 25 நம் மவுண்டுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் அதன் ஷாஃப்ட் பெரும்பாலும் 5 மி.மீ., அதில் பழைய பினியன் (ஷாஃப்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) ஏறாது. 5 மி.மீ. துளையுள்ள பினியன் உங்கள் ஸ்பர் கியரின், அதாவது பினியன் சுழற்றுகிற பெரிய பல்சக்கரத்தின், பல்லளவிலேயே கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள், 48 பிட்ச், மாட்யூல் 0.6 என்கிற இரண்டு பல்லளவும் ஒன்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பல் தேய்ந்துவிடும்.

ஷாஃப்ட் எந்தப் பக்கம் நீட்டுகிறது என்பதும் முக்கியம். விமான மோட்டார்கள் பலவற்றில் அது பெல் பக்கமாக நீட்டும், நமக்கு வேண்டியது திருகு மாட்டுகிற பக்கம். சிலவற்றில் கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தி, சர்க்லிப் வளையத்தை எடுத்து, ஷாஃப்டை மறுபக்கம் தட்டி நகர்த்தலாம். அதற்குப் பதிலாக ஹெலிகாப்டர் மோட்டாரைத் தேடுங்கள் என்பது என் கருத்து. அவற்றில் ஷாஃப்ட் மவுண்ட் பக்கமே வரும், கே.வி.யும் விமான மோட்டாரை விடக் கூடுதலாக இருக்கும்.

இன்னொன்று, திருகின் நீளம். 540 மோட்டாருக்குப் போட்டிருந்த அதே எம்3 திருகை நான் ஒரு அவுட்ரன்னரில் முறுக்கினேன், கடைசிச் சுற்றில் லேசாக ஏதோ தட்டியது. கழற்றிப் பார்த்தால் திருகு நுனி செப்புக்கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டி, அந்த இடம் மட்டும் பளபளவென்று ரோஜா நிறத்தில் தெரிந்தது. அதற்கு மேல் மின்சாரம் கொடுத்திருந்தால் ஷார்ட் ஆகி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈ.எஸ்.சி.யும் சேர்ந்து போயிருக்கும். அடிப்பகுதி எத்தனை மி.மீ. தடிமன் என்று அளந்து, அதற்குள் நிற்கிற திருகு போடுங்கள்.

அடுத்து எடை. பெட்டியில் எழுதியிருக்கிற வாட்ஸைவிட நான் தராசைத்தான் நம்புவேன். 540 அளவு பிரஷ்லெஸ் மோட்டார் 180, 200 கிராம் இருக்கும். 2212 வெறும் 50 கிராம் சொச்சம். அதன் வாட்ஸ் கணக்கு புரொபெல்லர் காற்று முகத்தில் அடிக்கிற இடத்துக்கானது. பக்கிக்குள் அந்தக் காற்று கிடையாது. இரண்டு கிலோ வண்டியை மண்ணில் நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் சில நிமிடத்தில் வார்னிஷ் வாசனை வந்துவிடும். 100 கிராமுக்குக் கீழே 1/10 பக்கிக்கு வாங்கவே வேண்டாம், 130-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

இப்போது கே.வி.க்கு வருவோம். ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாமல், எத்தனை ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று) என்பதுதான் அது. பழைய மோட்டார் 3300 கே.வி., 2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம் பேட்டரி) 7.4 வோல்ட் என்றால் 24,420 ஆர்.பி.எம். அதன் இடத்தில் 1400 கே.வி. அவுட்ரன்னரை 3எஸ்-இல், அதாவது 11.1 வோல்ட்டில் போட்டால் 15,540தான். பழைய வேகம் வேண்டுமென்றால் 26 பல் பினியன் இருந்த இடத்தில் 41 பல் வேண்டும், அதற்குப் பெரும்பாலான மவுண்டில் மோட்டாரைப் பின்னால் தள்ள இடமே இருக்காது. 1600 கே.வி.யை 4எஸ்-இல், அதாவது 14.8 வோல்ட்டில் ஓட்டினால் 23,680, கியரைத் தொடவே வேண்டாம், ஆனால் ஈ.எஸ்.சி.யும் பேட்டரி அறையும் 4எஸ் தாங்க வேண்டும். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, கல்லிலும் மேட்டிலும் ஏறினால் போதும் என்பவருக்கு 1400-உம் 3எஸ்-உம் நல்ல சேர்க்கை.

ஈ.எஸ்.சி. கார் வகையாகவே இருக்கட்டும், சாதாரண விமான ஈ.எஸ்.சி.யில் ரிவர்ஸ் கிடையாது. அதன் கையேட்டில் ஆர்.பி.எம். வரம்பைப் பாருங்கள், அது பெரும்பாலும் 2 காந்தத் துருவ மோட்டாருக்குச் சொல்லியிருப்பார்கள். உங்கள் அவுட்ரன்னரில் 14 காந்தம் இருந்தால் அந்த எண்ணை 7-ஆல் வகுக்க வேண்டும். 2,10,000 என்று போட்டிருந்தால் உங்களுக்கு 30,000. இது தெரியாமல் ஓட்டினால் முழு வேகத்தில் மோட்டார் திணறும், காரணம் புரியாமல் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். காந்தம் எங்கே நிற்கிறது என்று ஈ.எஸ்.சி.க்குச் சொல்கிற சென்சார் இல்லாததால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கொஞ்சம் நடுக்கம் இருக்கும், அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

பெல் வெளியே சுற்றுகிறது என்பதை மாட்டும்போது மறந்துவிடக்கூடாது. சுற்றிலும் 2 மி.மீ.யாவது இடைவெளி விடுங்கள், மூன்று ஒயர்களையும் டை போட்டு இழுத்துக் கட்டுங்கள். கடற்கரையில் ஓட்டுகிறவர்கள் பெல்லின் ஓட்டைகளை மெல்லிய நைலான் வலையால் மூட வேண்டும், ஏனென்றால் கருமணலில் இரும்புத்தாது உண்டு, அது காந்தத்தில் மீசை போல ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் போகாது. பெல்லைக் கழற்றி, செலோ டேப்பை அழுத்தி அழுத்தி எடுத்தால் வந்துவிடும்.

முதல் ஓட்டம் இரண்டு நிமிடம் போதும். நிறுத்தியதும் வெப்பமானியைப் பெல்லில் காட்டாதீர்கள், சூடு பிறப்பது ஸ்டேட்டரில், அது அடிப்பகுதி வழியாகத்தான் வெளியேறும். அங்கே காட்டுங்கள். சாதாரணக் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான், அதற்கு மேல் போனால் அவற்றின் சக்தி நிரந்தரமாகக் குறையும். 70-ஐ நெருங்கினாலே பினியனில் இரண்டு பல்லைக் குறைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.