திருப்பூர்ச் சூட்டில் பழைய திராட்சை ரகங்களின் ஒயினைச் சுவைப்பது எப்படி?

பின்னலாடை வாங்க ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் முன்பெல்லாம் சாக்லேட் கொண்டுவருவார்கள். மாமாவிடம் வருகிற ஒருவர் மட்டும் ஒயின் கொண்டுவருகிறார்; அதுவும் பெயரே கேள்விப்படாத, ஓரங்கட்டப்பட்ட பழைய சிவப்புத் திராட்சை ரகங்களில். சுங்கத்தில் ஓர் ஆளுக்கு 2 லிட்டர்தான் அனுமதி, எனவே இரண்டு புட்டி. மாமா தொடமாட்டார், என்னிடம் வந்துவிடும். முதல் மூன்று புட்டிகளைப் பாழாக்கிய பிறகு கற்றதுதான் இந்தப் பதிவு. (21 வயது ஆகாதவர்கள் அடுத்த பதிவுக்குப் போகலாம்.)

இந்த ரகங்கள் ஏன் ஓரங்கட்டப்பட்டன? 1860களில் பிரான்சில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி தோட்டம் தோட்டமாகத் தின்றது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டபோது, நன்றாகக் காய்ப்பதும் விலைபோவதும்தான் பெரும்பாலும் நடப்பட்டன. நம் நாட்டுத் தக்காளியின் கதைதான். பிரான்சின் ஜூரா பகுதியின் பூல்சார், ட்ரூசோ, சவாய் பகுதியின் மொந்தூஸ் எல்லாம் சொந்த ஊரோடு ஒடுங்கின. இத்தாலியின் ஃப்ரியூலியில் ஒரு ரகத்துக்குத் தாட்செலெங்கே என்று பெயர். ‘நாக்கை வெட்டுவது’ என்று பொருள். எங்கள் ஊரில் பிறந்திருந்தால் நாக்கறுத்தான் என்றே அழைத்திருப்போம்.

முதலில் புட்டியைத் திறக்காதீர்கள். சந்தையில் கால் கிலோ பன்னீர் திராட்சை வாங்குங்கள். (அதுவும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற பழைய ரகம்தான், கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) சதையைப் பிதுக்கி விழுங்கிவிட்டுத் தோலை மட்டும் மெல்லுங்கள். பிறகு கொட்டையை. ஈறு இழுத்துப் பிடிக்கிறதல்லவா, அந்தத் துவர்ப்பைத்தான் ஒயினில் தேடப்போகிறோம். நிறமும் தோலிலிருந்தே வருகிறது, சதை வெளுப்புதான்.

அடுத்தது, நான் மூன்று முறை சறுக்கிய இடம்: சூடு. சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாறு என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அது ஐரோப்பியக் கல்வீட்டின் அறை. சித்திரையில் என் அறை 34 டிகிரி. அந்தச் சூட்டில் ட்ரூசோவை ஊற்றியபோது சாராய நெடிதான் மூக்கில் ஏறியது. பழம் இருந்த சுவடே இல்லை. புட்டி கெட்டுவிட்டது என்று மூன்று முறையும் தொட்டியில் கொட்டினேன்.

இப்போது செய்வது இது: வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். வெறும் ஐஸ் புட்டியை அங்கங்கேதான் தொடும். தண்ணீர் சேர்ந்தால்தான் முழுவதும் தழுவும், சீக்கிரம் குளிரும். கழுத்துவரை முக்கி இருபது நிமிடம். பூல்சார், ட்ரூசோ போன்ற மெலிந்த ரகங்களுக்கு 13, 14 டிகிரி போதும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறவர்களை நம்புவதில்லை. மின்சாரம் போய் ஐஸ் இல்லையென்றால் ஈரோட்டுத் துண்டை நனைத்துச் சுற்றி ஜன்னலில் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஐந்தாறு டிகிரியாவது இறக்கிவிடும்.

கோப்பை வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளர் காபிக்கு. மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளை வேட்டிக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். பூல்சார் மாதுளைச் சாறுபோல வெளிறியிருக்கும். தோல் அவ்வளவு மெல்லியது. உருகுவேயின் பிரதான ரகமான தன்னாவுக்கு அடியில் வேட்டியே தெரியாது.

மோந்த பிறகு ஒரு மிடறு வாயில் சுழற்றித் துப்புங்கள். அப்புச்சியின் வெற்றிலைப் படிக்கம் இதற்கென்றே செய்தது போலிருக்கிறது. குறிப்பை உங்கள் நாக்கின் சொல்லில் எழுதுங்கள். ராஸ்பெரியை நான் கண்ணால் கண்டதில்லை. நாவல்பழம், நெல்லிக்காய், கருப்பட்டி, புளியங்கொட்டைத் தோல் என்று எழுதுகிறேன். பள்ளிபாளையம் சிக்கனோடு மட்டும் வேண்டாம். மிளகாய்க் காந்தலை ஆல்கஹால் இன்னும் கூட்டிவிடும். அரிசியும்பருப்பும் சாதம் அருமையாகப் பொருந்துகிறது.

பின்சேர்க்கை 1: ஃப்ரிட்ஜிலிருந்து நேரே ஊற்றினால் தன்னா வாயைக் கட்டுகிறது என்று உடுமலை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். குளிர் துவர்ப்பைத் தூக்கும், மணத்தை அமுக்கும். கனத்த ரகங்களுக்கு 17 டிகிரி வரட்டும்.

பின்சேர்க்கை 2: ஃப்ரியூலியின் இன்னொரு ரகமான ஸ்கியோப்பெத்தீனோவில் மிளகு வாசம் வரும் என்று முன்பு எழுதியிருந்தேன், வரவில்லை என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள். கருமிளகின் வாசத்துக்கும் அதுதான் காரணம். ஐந்தில் ஒருவருக்கு அதை முகரவே முடியாதாம். என் வீட்டம்மாவுக்கும் வரவில்லை, ஆனால் ரசத்தில் மிளகு கூடிவிட்டால் எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுகிறாள். அது எப்படி என்று கேட்டேன். “அது காரம், இது வாசம், இரண்டும் ஒன்றா?” என்றாள்.